மனச்சோர்வும் மூளையும்: காந்தச் சிகிச்சை பற்றி நாம் அறிய வேண்டியவை

கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் கதைக்கும்போது, "இங்கே மனச்சோர்வுக்குத் தலையில் காந்தம் வைத்துச் சுகப்படுத்துகிறார்கள். அம்மாவுக்கும் அப்படிச் செய்விக்க ஏலாதா?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியோடு எம்மிடம் வரும் குடும்பங்கள் உண்டு. சிலர் இதனை அற்புதம் என நினைக்கின்றனர். வேறு சிலர் "மூளையைத் தொட்டால் ஆள் பிழைத்துப் போகும்" எனப் பயப்படுகின்றனர். இரண்டும் சரியல்ல. ஆகவே இம்முறை பாடத்திற்கு இதனையே எடுத்துக்கொள்கின்றோம். வன்னி மக்களாகிய எமக்கு இச்சிகிச்சை தொடர்பாக வேறு எவருக்கும் அதிகம் தேவைப்படாத ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றது. அதனைப் பின்னர் சொல்கின்றோம்.

பஞ்சி அல்ல, நோய்

ஒரு கமக்காரரை நினைத்துப் பார்ப்போம். 2009 ஆம் ஆண்டு வைகாசியில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் ஊர் திரும்பியவர். காணியைத் துப்புரவாக்கினார். இடிந்த கிணற்றைத் திருத்தினார். கூரைத் தகரம் போட்டார். அப்போதெல்லாம் அவர் ஓடியாடித்தான் திரிந்தார். ஆனால் சில ஆண்டுகள் கழித்து, பெரும்போகத்துக்கு மழை இறங்கி ஊர் முழுவதும் உழுது விதைக்கும் நேரத்தில் அவர் திண்ணையை விட்டு எழும்பவில்லை. விடிய மூன்று மணிக்கே நித்திரை கலைந்து விடுகிறது. சாப்பாடு மண்ணாக இருக்கிறது. நெஞ்சு அடைக்கிறது, உடம்பு எரிகிறது, தலையிடிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் இரத்தமும் நெஞ்சும் நன்றாகவே இருக்கின்றன. பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் முகத்தில் மாற்றமில்லை. அயலவர் என்ன சொல்கின்றனர்? "அவருக்குப் பஞ்சி." வீட்டார் என்ன சொல்கின்றனர்? "யோசனை கூடிப்போச்சு."

வீட்டார் சொல்வதே உண்மைக்குக் கிட்ட வருகின்றது. துக்கம் எல்லோருக்கும் வரும். இழவு வீட்டில் அழாதவர் இல்லை. ஆனால் மனமின்மை, எதிலும் விருப்பமின்மை, நித்திரைக் குழப்பம், களைப்பு, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் என்பன இரண்டு கிழமைக்கு மேலாக நாள் முழுவதும் நீடித்து, அன்றாட வேலையையும் முடக்குமானால் அதனை மனச்சோர்வு நோய் என மருத்துவர்கள் கொள்கின்றனர். எமது ஊர்களில் இது பெரும்பாலும் உடல்நோயின் வேடத்திலேயே வருகிறது. ஆண்களிடத்தில் கசிப்புப் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் உண்டு.

இடப்பெயர்வுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு அளந்து பார்க்கப்பட்டிருக்கின்றது. 2009 ஆம் ஆண்டு ஆடி தொடக்கம் புரட்டாதி வரையான காலத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளில் ஓர் ஆய்வு செய்யப்பட்டு, 2011 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. மொத்தத்தில் நூற்றுக்கு 22 பேரளவில் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அந்நேரம் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களிடையே மட்டும் பார்த்தபோது அது நூற்றுக்கு 42 அளவில் இருந்தது. ஏறத்தாழ இரட்டிப்பு. அந்த முகாம்களில் இருந்தவர்களில் பலர் வன்னியில் இருந்து போனவர்களே.

இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் பஞ்சிக்காரராக மாறினார்கள் என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்க வேண்டும்.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையின் ஒவ்வொரு பகுதியும் மற்றப் பகுதிகளோடு மிக நுண்ணிய மின் சைகைகளால் பேசிக்கொள்கின்றது. வேலை செய்யும் பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் போகும். அதனைப் படமாக எடுக்கும் கருவிகள் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தன. மனச்சோர்வுள்ள பலரின் மூளையைப் படமெடுத்தபோது, நெற்றிக்குப் பின்னால் இடப்பக்கமாக உள்ள ஒரு பகுதி மந்தமாக இருப்பது காணப்பட்டது. திட்டமிடுவது, ஒரு வேலையைத் தொடங்குவது, தேவையற்ற எண்ணத்தை விலக்கி வைப்பது என்பன அப்பகுதியின் தொழில்கள். அதேவேளை மூளையின் நடுக்கோட்டில் ஆழத்தில் இருக்கும், சோகத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி அளவுக்கு மீறி வேலை செய்தது. ஹெலன் மேபேர்க் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த ஆழ்பகுதியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர். நோய் சுகப்படும்போது அதன் வேகம் தணிவதையும் அவர் கண்டார்.

எங்கள் கமக்காரர் திண்ணையை விட்டு எழும்பாததை இப்போது வேறுவிதமாகப் பார்க்கலாம். வேலையைத் தொடங்கி வைக்க வேண்டிய பகுதி சோர்ந்து கிடக்கின்றது. "எழும்பு, எழும்பு" என்று ஏசுவதால் அது எழும்பாது. கால் முறிந்தவனை ஓடச்சொல்லி ஏசுவது போன்றதே அது.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மூளைப் படம் எடுக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன படங்கள் ஆராய்ச்சிக்காக எடுக்கப்பட்டவை. மருத்துவர் உங்களோடும் வீட்டாரோடும் கதைத்தே நோயைக் கண்டுகொள்வார். படத்துக்கென்று கடன்பட வேண்டாம்.

சைக்கிள் டைனமோவும் காந்தமும்

1990களில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பற்றறி வராத காலத்தில் நாம் எப்படிச் செய்தி கேட்டோம் என்பதை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் இருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

அந்த டைனமோவுக்குள் இருந்தது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். காந்தம் சுழலும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கின்றது. காந்தப் புலம் மாறினால் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831 இல் இங்கிலாந்தில் மைக்கேல் பரடே கண்டுபிடித்தார். காந்தச் சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. இங்கே காந்தத்தைச் சுழற்றுவதில்லை. எட்டு இலக்கம் போன்ற வடிவமுள்ள கம்பிச் சுருளைத் தலையில் வைத்து, அதனூடாக மிகப் பலமான மின்னோட்டத்தை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்கு விட்டு நிறுத்துகின்றனர். அப்போது எழுந்து மறையும் காந்தப் புலம் தோலையும் மண்டையோட்டையும் கடந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம் வரை போகின்றது. டைனமோவில் கம்பி இருந்த இடத்தில் இங்கே மூளையின் நரம்புகள் இருக்கின்றன. அவற்றில் சிறு மின்னோட்டம் பிறந்து அவை தூண்டப்படுகின்றன. வெட்டுவதோ, ஊசி குத்துவதோ, மயக்கம் கொடுப்பதோ இல்லை.

டைனமோவை நினைவுபடுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். அசையாத காந்தம் மின்சாரம் தராது. ஆகவே "மனக்கவலை போக்கும்" என்று சொல்லி விற்கப்படும் காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தத் தண்ணீர் என்பவற்றுக்கும் இச்சிகிச்சைக்கும் எந்தத் தொடர்புமில்லை. நெல் விற்ற காசை அவற்றில் கொட்ட வேண்டாம்.

சிகிச்சை வந்த வழி

1985 இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் அந்தனி பாக்கர் என்பவரும் அவரது குழுவினரும் இவ்வாறான சுருளை ஒருவரின் தலையில், கையை அசைக்கும் மூளைப் பகுதிக்கு மேலாக வைத்து இயக்கினர். அவரது கை தானாகத் துடித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1995 இல், அமெரிக்காவில் மார்க் ஜோர்ஜ் என்ற மருத்துவர், மருந்துக்குக் குணமாகாத மனச்சோர்வுள்ள ஆறு பேருக்கு நெற்றிப்பக்க மூளையில் நாள்தோறும் இத்தூண்டலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. சிலர் தேறினர். 2008 இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் இது செய்யப்படுகின்றது.

நோயாளி கதிரையில் விழிப்போடு சாய்ந்திருப்பார். காதுக்கு அடைப்பு வைப்பார்கள், ஏனெனில் கருவி "டக், டக்" என்று பலமாகச் சத்தமிடும். முதலில் பெருவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து அந்த ஆளுக்கு ஏற்ற பலத்தைக் கணக்கிடுவார்கள். பின்னர் சுருளை முன்னோக்கி நகர்த்தி, நாம் மேலே சொன்ன அந்த மந்தமான இடப்பக்கத்தில் வைப்பார்கள். மரங்கொத்தி நெற்றியில் கொத்துவது போல இருக்கும். பழைய முறைப்படி ஒரு செக்கனுக்குப் பத்துத் தட்டு, நான்கு செக்கன் தட்டி இருபத்தாறு செக்கன் ஓய்வு, இப்படி மூவாயிரம் தட்டு முடிய 37 நிமிடத்துக்கு மேல் செல்லும். கிழமைக்கு ஐந்து நாள். நான்கு முதல் ஆறு கிழமைகள்.

ஒட்டுசுட்டானில் இருக்கும் ஒருவர் இதனை எப்படிச் செய்வது? நகரத்தில் ஒரு மாதம் தங்கினால் மாட்டை யார் பார்ப்பது, நெல்லை யார் வெட்டுவது? வெளிநாட்டு உறவினர் இதைப் பற்றி நினைப்பதில்லை. ஆனால் சிகிச்சை சுருங்கிக்கொண்டு வருகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவில் 414 நோயாளரிடம் செய்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிமிடம் மட்டும் எடுக்கும் புதிய தட்டுமுறை பழைய நீண்ட முறைக்குக் குறையாத பலன் தந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளுக்குப் பத்துத் தடவை என ஐந்தே நாளில் முடிக்கும் முறையை உருவாக்கினர். அதற்கும் 2022 இல் அங்கு அனுமதி கிடைத்தது.

பலன் எவ்வளவு? மருந்துக்குச் சரிவராதவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு நல்ல தேற்றம் கிடைக்கின்றது. மூன்றிலொரு பங்கினருக்கு நோய் பெரும்பாலும் நீங்குகின்றது. மிகுதிப் பேருக்குப் போதிய பலனில்லை. சுகப்பட்டவர்களிலும் சிலருக்கு மாதங்கள் கழித்து நோய் திரும்புவதுண்டு. அற்புதம் அல்ல என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

வாய்க்காலில் எதிர்த்திசையில் ஓடும் தண்ணீர்

ஸ்ரான்போர்ட் குழுவினர் 2023 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எம்மைச் சிந்திக்க வைத்தது. மூளையில் இன்சுலா என்றொரு பகுதி உண்டு. நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, பசி, சூடு என உடம்புக்குள் நடப்பவற்றை அறிந்து சேர்ப்பது அதன் வேலை. உணர்ச்சிகளோடு தொடர்புடைய சிங்குலேட் என்ற பகுதி வேறு. சுகதேகிகளின் மூளையில் சைகை இன்சுலாவில் தொடங்கி சிங்குலேட்டுக்குப் போகின்றது. உடம்பின் செய்தி முதலில், உணர்ச்சி அதன்பின். சிகிச்சைக்கு இலகுவில் மசியாத மனச்சோர்வுள்ள 33 பேரைப் பார்த்தபோது, அவர்களில் நான்கில் மூன்று பங்கினரிடம் இந்த ஓட்டம் மறுபக்கமாக இருந்தது. உணர்ச்சி முந்திக்கொண்டு, உடம்பின் செய்தி பிந்தியது.

இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் வயலில் இருந்து குளத்துக்கு ஓடினால் எப்படியோ அப்படி. காலையில் கண் விழிக்கும்போதே "இன்றைக்கும் ஒன்றும் சரிவராது" என்ற தீர்ப்பு தயாராக இருக்கின்றது. பிறகு வெய்யில் அடித்தாலும் மழை பெய்தாலும் எல்லாம் அந்தத் தீர்ப்பின் நிறத்திலேயே தெரிகின்றன. அவர்களில் பெரும்பாலானோருக்கு ஐந்து நாள் காந்தச் சிகிச்சை கொடுத்துத் திரும்பப் படமெடுத்தபோது, ஒரு கிழமைக்குள் ஓட்டம் சரியான திசைக்குத் திரும்பியிருந்தது. அதிகமாகத் திரும்பியவர்களே அதிகமாகத் தேறியும் இருந்தனர். சிறிய ஆய்வுதான். எல்லா மனச்சோர்வும் இப்படியென்று முடிவுகட்ட முடியாது. என்றாலும் கெட்டுப்போன ஓட்டம் திரும்பக்கூடியது என்பதைக் கண்ணால் கண்டிருக்கின்றனர்.

இதனைப் படித்தவர்கள் சிலர் "அப்படியானால் எல்லாம் மூளைக் கோளாறுதான், காணியும் இழப்பும் காரணமில்லை" என்று சொல்லக்கூடும். நாம் அதனை ஏற்கமாட்டோம். வாய்க்கால் தானாக உடையவில்லை. காணி, தொழில், பிள்ளை, அயல் எல்லாவற்றையும் ஒருசேர இழந்ததும், காணாமற்போனவருக்கு இன்றுவரை பதில் கிடைக்காததும், சொந்தக் காணிக்குள் போக வழியில்லாமல் ஆண்டுகள் கழிந்ததும் மூளை மீது பதிந்த பாரங்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரினால் தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பதைத் தமது எழுத்துக்களில் வலியுறுத்தி வந்திருக்கின்றார். காந்தம் காணியைத் திருப்பித் தராது. காணி கிடைக்கும்வரை நோயைச் சுமந்துகொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டையும் தனித்தனியே கேட்க எமக்கு உரிமையுண்டு.

தலையில் "பீஸ்" உள்ளவர்கள்

இப்போது அந்த எச்சரிக்கை. எம்மில் பலர் உடம்பில் செல் துண்டுகளைச் சுமந்து திரிகின்றோம். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் எடுக்காமல் விட்ட துண்டுகள் அவை. காந்தச் சிகிச்சை கொடுக்கும்போது தலைக்குள்ளோ கழுத்திலோ கண்ணருகிலோ உலோகம் இருந்தால் ஆபத்து. மாறும் காந்தப் புலம் அந்த உலோகத்திலும் மின்சாரத்தைப் பிறப்பித்து அதனைச் சூடாக்கலாம், இரும்பானால் அசைக்கவும் கூடும். மூளையில் இரத்தக்குழாய்க்குப் போட்ட உலோகக் கவ்வி, காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி, நெஞ்சில் வைத்த இதயத்துடிப்புக் கருவி உள்ளவர்களும் இதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாதாரணமாகப் பல்லுக்கு அடைத்தது தடையில்லை. காலிலோ முதுகிலோ உள்ள துண்டு இச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் தடையாகாது. ஆனால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் போனால் அதுவும் ஆபத்தானது, கட்டாயம் சொல்ல வேண்டும்.

வலிப்பு வந்தவர்களும், செல் வெடிப்பில் தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களும் அதனை மறைக்கக் கூடாது. இச்சிகிச்சையில் வலிப்பு வருவது மிக அரிது. எனினும் இப்படியானவர்களுக்கு அந்த வாய்ப்புக் கூடும். ஏனையவர்களுக்கு முதல் சில நாட்கள் தலையிடியும் வைத்த இடத்தில் நோவும் இருக்கும்.

வெளிநாட்டிலுள்ள மருத்துவருக்கு இவற்றைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். காயத்தை ஏன் காட்டுவான் என்று எம்மவரும் சொல்லாமல் விடுவதுண்டு. பழைய பயம் அது. மருத்துவரிடம் மட்டும் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

கிட்டவுள்ள சிகிச்சைகள்

காந்தச் சிகிச்சை முதற் சிகிச்சை அல்ல. மருந்தும் உளவளத்துணையும் சரிவராதவர்களுக்கே அது யோசிக்கப்படுகின்றது. எமது மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளும் அல்ல. ஆனால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கே மருந்து இலவசம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல. அவை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். எம்மவர் பலர் பத்தாம் நாளே "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகின்றனர். இன்னும் சிலர் சுகம் கண்ட உடனே நிறுத்துகின்றனர். இரண்டும் பிழை. தேறிய பின்னரும் குறைந்தது ஆறு மாதமாவது மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும்.

ஊரில் "ஷொக்" என்று சொல்லிப் பயப்படும் மின் சிகிச்சை வேறு, காந்தச் சிகிச்சை வேறு. மின் சிகிச்சையை மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். சிறிது காலம் மறதி இருக்கலாம். சாப்பாடு தண்ணீரையே விட்டுவிட்ட கடுமையான நோயாளிக்கு அது உயிர் காப்பது. அதனைக் கேலி செய்யாதிருப்பது நல்லது.

கோயிலுக்குப் போவதையோ நூல் கட்டுவதையோ நாம் குறை கூறவில்லை. மனம் ஆறுதல் அடையட்டும். அதற்காகக் கிளினிக் திகதியைத் தவற விட வேண்டாம்.

கமக்கார வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலையால் இறந்தனர். அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளில் அது மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. கைக்கெட்டாமற் செய்தால் உயிர் தப்பும் என்பதற்கு எமது நாடே சாட்சி. மனச்சோர்வுள்ளவர் இருக்கும் வீட்டில் எண்ணெய், களைமருந்து எதையும் வைக்காதீர்கள். சங்கத்திலோ அயல்வீட்டிலோ பூட்டி வையுங்கள். "சாகலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் வாயை அடைக்காமல் இருந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் கதைக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் நோயாளியோடு வீட்டில் ஒருவர் கூடப் போகட்டும். பழைய துண்டுகள், குடிக்கும் மருந்துகள், முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ எடுத்த எக்ஸ்றே படம் இருந்தால் அதுவும் பையில் இருக்கட்டும். உடம்பில் பீஸ் எங்கே இருக்கின்றது என்பதை ஒரு கடதாசியில் எழுதி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.